அந்தமானுக்கு ஒரு வாரம்

8 டிசம்பர் 1984, சனி

ஆபீசில் எனக்குப் பயணச் சலுகை கிடைத்திருக்கிறது. பொங்கல் கழிந்ததும் மெட்ராஸில் கப்பலேறி, அந்தமானில் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம் என்று சாயங்காலம் சரோஜாவிடம் சொன்னேன். கல்யாணமான புதிதில் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் அவள். ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வரல" என்றாள்.

"ஏன், கப்பல்னா பயமா?"

"அதெல்லாம் இல்லீங்க. வூட்ட பூட்டிகினு போனப்புறம் மீனா வந்தா? பூட்டப் பாத்துட்டு அப்படியே திரும்பிடுவா. அப்புறம் வரவே மாட்டா."

மீனா எங்கள் ஒரே மகள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷமாகச் செய்யாற்றில் இருக்கிறாள். கல்யாணமான மறுநாளே அவளும் அவள் புருஷனும் வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தியவன் நான்தான். அதற்குப் பிறகு சரோஜா தன் அண்ணன் வீட்டில்கூட ஓர் இரவு தங்கியதில்லை. ஏன் என்று இன்றுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளில் அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது, "நாளைக்கு செய்யார் போய் மீனாவப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். பிறகு, "மொதல் பஸ்ஸுக்கே போய்டலாங்க" என்றாள்.

இப்போது உள்ளே மகளுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள். மீனாவிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.