மறந்துபோன கல்யாணச் சாப்பாடு

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? கீழ்வேளூரில் நடவு முடிந்ததா? கோலாலம்பூரில் நான் நலம்.

போன வாரம் என் சமையல் கடையில் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்துத் தர ஒப்புக்கொண்டு, அடியோடு மறந்துவிட்டேன். பெண்வீட்டார் போன் செய்ததும் தெரிந்த சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் ஓடி, சாப்பாடு வாங்கிப் பந்திக்கு முன் சேர்த்துவிட்டேன்.

"ஓடுறதுல உன்ன மிஞ்ச ஆளில்ல. ஆனா தினமும் இப்படி முடியாதுடி, டாக்டரப் பாரு" என்றாள் என் கூட்டாளி ஷோபனா.

டாக்டர் ஏடிஎச்டி என்றார். கவனம் நிற்காத சுபாவமாம். துணிந்து கடை தொடங்க அந்தத் துறுதுறுப்பு உதவியிருக்கலாம், நடத்த அது போதாதாம். அலட்சியம் இல்லையாம் அப்பா, கேட்டதும் கண்கலங்கிவிட்டது. இனி ஆர்டர்களை ஷோபனா கவனிப்பாள், நான் புது வாடிக்கை பிடிப்பேன்.

டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார், அதையும் மறந்துவிடுவேன். தினமும் காலையில் போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேளுங்கள். போட்டிருந்தாலும் கேளுங்கள்.

புது வாடிக்கையைப் பார்க்கப் போக வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மேகலா