இரண்டாம் முறை சொன்ன செய்தி

என் அன்புக் கணவருக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். கப்பலின் எஞ்சின் அறைச் சூட்டில் வெந்து போகாமல் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை தேய்த்ததாகப் பொய்தான் சொல்கிறீர்களா? மகளுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே வாஷர் மாற்றினேன், நம்புங்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். என் வரிசையில்தான் சொல்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கப்பலேறும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். “நாப்பத்தி மூணு வயசுல நாடகம் படிக்கப் போறேங்கிற. சரி, படி. தேறலேன்னா மறுபடி ஸ்டேஷன் மைக் முன்னாடி போய் உக்காந்துடணும்” என்றீர்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். ஸ்டேஷனில் நான் வாங்கிய இரண்டு வருட விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. போன வியாழக்கிழமைத் தேர்வில் கோட்டை விட்டிருந்தால் அடுத்த மாதத்திலிருந்து ரயில் வருகிறது, போகிறது என்று பழையபடி அறிவிக்கப் போயிருப்பேன்.

எங்கள் முதுகலையில் பாதி, பழைய நாடகங்களைக் கரைத்துக் குடிப்பது. மீதி, அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்து நாமே புதிதாக மேடையேற்றுவது. முதல் பாதியில் எனக்குக் குறையில்லை. இரண்டாவதில் போன பருவத்தில் மண்ணைக் கவ்வினேன். உங்களுக்கு எழுதவில்லை, கோபப்படாதீர்கள்.

அந்தக் காலத்துச் சோக நாடகங்கள் பலவற்றில் சாவை மேடையில் காட்ட மாட்டார்கள். ஒரு தூதன் ஓடிவந்து நடந்ததைச் சொல்வான். எனக்கு வாய்த்தது அந்தத் தூது வேடம். போரில் மகன் செத்த செய்தியை ராணியிடம் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் எதையும் இரண்டு முறை அறிவித்தே பழகிய வாய் அல்லவா? “இளவரசர் இறந்துவிட்டார்” என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அதே குரலில் மறுபடியும் சொன்னேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எங்கள் பேராசிரியர், எதற்கெடுத்தாலும் “மூச்சு எங்கே?” என்று கேட்பதால் நாங்கள் மூச்சு சார் என்று கூப்பிடுபவர், “இது பிளாட்பாரம் இல்லம்மா” என்று சொல்லி பெயிலாக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ராணியாக நடிப்பவள் எங்களோடு படிக்கும் பல் டாக்டர். காலையில் பல் பிடுங்கிவிட்டு, மதியம் வந்து அரியணையில் உட்காருவாள். அதே காட்சியை மறுபடி போடுவதற்காக நடந்த மூன்று மாத ஒத்திகையில் நான் எதையாவது திருப்பிச் சொல்ல வாயெடுத்தால் விரலை உயர்த்தி நிறுத்திவிடுவாள். பழக்கம் தொலைந்தது என்றே நினைத்தேன். “இப்பல்லாம் சாப்பிட ஒரு தடவைதாம்மா கூப்பிடற” என்று மகள்கூடக் குறைபட்டாள்.

வியாழக்கிழமை வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சலனமே இல்லை. நான் ஓடிவந்தேன், நின்றேன், இளவரசர் இறந்த செய்தியைச் சொன்னேன். பல் டாக்டர் உடனே சரிந்து விழ வேண்டும். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன வாய் மறுபடியும் சொல்லிவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ விழவில்லை. எழுந்து நேராக என்னிடம் வந்து, மூன்றாவது முறை சொல்லிவிடாதே என்பதுபோல என் வாயைக் கையால் பொத்திவிட்டாள். ஒத்திகையில் இல்லாதது அது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மீதிச் செய்தி முழுவதையும் அந்தக் கைக்குள்ளேயே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூச்சு சார் மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை.

காட்சி முடிந்ததும் நடந்த நேர்முகத் தேர்வில் தேர்வாளர் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டார். “ரெண்டாவது தடவை சொல்லணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?” என்றார். முதலிலேயே திட்டமிட்டது என்று சொல்லச் சொல்லி பக்கத்தில் நின்ற பல் டாக்டர் கண்ணால் ஜாடை காட்டினாள். எனக்குப் பொய் வரவில்லை. “முடிவெல்லாம் பண்ணல சார், ஸ்டேஷன் பழக்கம். முதல் தடவை சொல்றது ஜனங்க காதுல விழும், அவ்வளவுதான். ரெண்டாவது தடவைதான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடுவாங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ராணிக்கும் அப்படித்தாம்மா” என்றார்.

இந்தத் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல்! பட்டியலை ஒட்டியதும் மூச்சு சார் எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கி, அந்தக் காட்சியை இனி இப்படித்தான் போட வேண்டும் என்றார். வேலையை விடும் கடிதத்தை இன்று காலை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.

முழு நாடகத்தையும் நகர அரங்கில் பத்து நாள் போடுகிறோம். நீங்கள் கரையிறங்குகிற வாரத்தில்தான் ஆரம்பம். களைப்பாக இருக்கும், தெரியும். நாடகமென்றால் கொட்டாவி விடுவீர்கள், அதுவும் தெரியும். பதினெட்டு வருடம் ஊரே என் குரலைக் கேட்டது. முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. நீங்களும் போனில் என் குரலைக் கேட்டே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டீர்கள். இந்த ஒரு தடவை எதிரில் வந்து உட்கார்ந்து என்னைப் பாருங்கள்.

முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கும்,
உங்கள் மனைவி