பதினோரு பேர்

என் அன்பு மனைவிக்கு,

இன்று கல்லறைத் திருநாள் அல்லவா, உனக்குப் பூ வைத்துவிட்டு நேராகக் கப்பன் பார்க் போனேன். நாம் சேர்ந்து போக நினைத்த அந்த இலவச நடைப்பயணம்தான்.

பதிவு செய்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். ஐகோர்ட் வாசலில் வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணிவிட்டு, "பன்னெண்டு வருதே அங்கிள், உங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றாள். இல்லை என்றேன். பின்னால் வந்த செருப்புச் சத்தம் உன்னுடையது என்று எனக்குத் தெரியாதா?

சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா எதிரே நெஞ்சை அடைத்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்தேன். வலி சட்டென்று நின்றுவிட்டது.

அவள் மறுபடி எண்ணினாள். "இப்ப சரியா இருக்கு, பதினொண்ணு. வாங்க ஆண்ட்டி, போலாம்."

நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நீயும் திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு நடந்தாய்.

வீட்டுச் சாவி உன்னிடமா இருக்கிறது? என் சட்டைப்பையில் காணோம்.

இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கும்,
உன் கணவன்