சீல் வைத்த கோடை

9 பிப்ரவரி 2008

பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே போர்மேன் மறித்துவிட்டார். "பேட்டரி போட்டது எதுவும் உள்ள வரப்படாது. செல்லு, வாட்ச்சு, இந்த மெஷினு, அம்புட்டும் இங்கனயே."

மெஷின் தீப்பெட்டி அளவுதான். மணிக்கொரு தரம் வெப்பத்தைப் பதிந்துகொண்டு சிவப்பாக மினுக்கும். அது இல்லாமல் நான் எதை அளக்க?

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. கட்டடக்கலை எம்.ஆர்க். வகுப்பில், கரண்ட்டாலும் சிமெண்ட்டாலும் கார்பனைக் கக்காத கட்டடத்தை எல்லோரும் வெளிநாட்டில் தேடியபோது, "எங்க ஊர்ல ஆயிரக்கணக்குல இருக்கு சார்" என்று மார்தட்டினேன். பட்டாசு ஷெட்டில் கரண்ட்டே கூடாது. ஃபேன் இல்லை, லைட் இல்லை. நாலு சுவரிலும் வாசல், பகல் வெளிச்சம், காற்று. கோடை முழுக்க அளந்து ஜூலைக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

10 பிப்ரவரி

விடாவிட்டால் போகட்டும். நானே ஒரு ஷெட் கட்டிக்கொள்கிறேன்.

2 மார்ச்

மல்லாங்கிணறு ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டில் அப்பா ஒரு மூலையைக் கொடுத்தார். மண் கல், சுண்ணாம்பு, தடிமனான மட்டப்பாக் கூரை. சிமெண்ட் ஒரு மூட்டைகூடக் கிடையாது. சுற்றி வந்து பார்த்தவர், "கோழிக்கூட்டுக்கே ஒரு வாசல்தான தாயி?" என்றார்.

1 ஏப்ரல்

ஒரு மெஷின் ஷெட்டுக்குள், இன்னொன்று வெளியே வேம்பில். நாலு வாசலும் இரவு பகல் திறந்தே கிடக்கின்றன. என் ராஜ்யம்!

11 ஏப்ரல்

சுப்புத்தாய் அக்கா எங்கள் தெருதான், சிவகாசிக்கு வேனில் வெடி வேலைக்குப் போகிறவள். இன்று வந்து நின்றாள். "கம்பெனி எப்ப தொறக்குறீக? எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்க. விடியக்காலம் வேனுக்கு ஓடி ஓடிக் காலே போச்சு."

இது வெயிலை அளக்கிற கட்டடம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "சரி தாயி, நான் யார்ட்டயும் சொல்லல" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

19 ஏப்ரல்

சாத்தூரிலிருந்து ஒருவர் தீபாவளி ஆர்டர் கொடுக்க வந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து உபசரித்திருக்கிறாள்.

24 ஏப்ரல்

அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். 'கள்ளவெடி முதலாளி' என்று எவனோ கூப்பிட்டானாம். பெத்தணன் என்ற பெயருக்கு இந்த ஊரில் இதுவரை ஒரு சொல் வந்ததில்லை. வேலியில் போன ஓணானை நான் எடுத்து அவர் மடியில் விட்டுவிட்டேன். கஷ்டமாக இருக்கிறது.

3 மே

தாலுகா ஆபீஸ் ஜீப் வந்தது. ஒரு ஆபீசர், கூட மூன்று பேர். உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தார்கள். "நாலு வாசல் எதுக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்று ஆபீசர் சிரித்த நேரம் பார்த்து மெஷின் சிவப்பாக மினுக்கியது.

"ஐயய்யோ!"

ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே விழுந்தார்கள். ஒருத்தரையொருத்தர் இடிக்கக்கூட இல்லை. ஷெட்டை முதன்முதலில் யோசித்த புண்ணியவான் சரியாகத்தான் யோசித்திருக்கிறான்! ஆனால் ரசிக்கும் நிலையிலா இருந்தேன்?

மெஷினைச் சோதிக்க மதுரையிலிருந்து ஆள் வர வேண்டுமாம். அதுவரை நாலு வாசல் கதவையும் சாத்தி அரக்கு, சீல். நோட்டீஸ் அப்பா பெயரில். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

4 மே

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அளக்க வேண்டிய வெயில் வெளியே, அளக்கிற மெஷின் பூட்டுக்குள்ளே. அழுதேன்.

21 மே

சீலை எடுக்கச் சொல்லி இன்றும் தாலுகா ஆபீஸ். இன்றும் "அடுத்த வாரம்".

12 ஜூன்

மதுரைக்காரர் வந்தார், மெஷினைப் புரட்டிப் பார்த்தார். "வெயில் பாக்குறதா? இதுக்கா என்னைய கூப்பிட்டாக?" சீலை உடைத்துவிட்டுப் போய்விட்டார்.

14 ஜூன்

மெஷின் உள்ளே நிற்காமல் ஓடியிருக்கிறது! கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வாசல் திறந்திருந்த ஏப்ரலில் உச்சிவேளைக்கு வெளியே எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும். சீல் வைத்த மே மாதத்தில் வெளியே நாற்பத்தொன்று, உள்ளே முப்பத்தாறு.

நாலு தடவை சரிபார்த்தேன். அனல் காற்று உள்ளே வராததால் குளிர்ந்திருக்கிறது. அப்படியானால் நான் மார்தட்டியது முழுக்கத் தப்பு. பகலில் மூடி ராத்திரியில் திறக்க வேண்டிய கட்டடம் இது. கதவைத் திறங்கள், திறங்கள் என்று மாதம் பூராவும் ஆபீஸ் வாசலில் கிடந்தேனே!

20 ஜூன்

என் வழிகாட்டி சீனிவாசகம் சார் போனில் சந்தோஷத்தில் குதிக்கிறார். "கற்பகவல்லி, கதவை மூடிப் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு?"

"தோணிச்சு சார்."

அப்படியே எழுதியும் விட்டேன். 'இரண்டாம் கட்டம்: மூடிய நிலை.' படிக்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

18 ஜூலை, சென்னை

இன்று வாய்மொழித் தேர்வு. கூடவே வருவேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். "நோட்டீஸ் எம்பேர்லதான?" வெள்ளை வேட்டியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். "மூடுவதற்கு மே மூன்றாம் தேதியைத் தேர்ந்தெடுத்தது ஏன்?"

"மறுநாள் அக்னி நட்சத்திரம் சார், அதனால..."

பின்னால் நாற்காலி நகர்ந்தது. "அன்னைக்குத்தாங்கய்யா சீல் வச்சாக. கள்ளவெடி செய்றோம்னு. எம்பேர்லதான் வச்சாக."

டீக்கடையில் முகம் காட்டாத மனுஷன், அத்தனை படித்தவர்கள் முன்னால் சிவப்பு விளக்கு முதல் அரக்கு வரை ஒன்று விடாமல் சொன்னார். ஆளுக்கொரு வாசல் என்றபோது தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ். ஒரே ஒரு திருத்தம்: இரண்டாம் கட்டம் எப்படி நடந்தது என்பதை உள்ளபடி எழுத வேண்டும்.

19 ஜூலை, ரயிலில்

எதிர் சீட்டுக்காரரிடம் அப்பா கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஜீப்பில் வந்தவர்கள் ஏழு பேராகிவிட்டார்கள். வாசல் நாலுதானே என்று நான் கேட்கவில்லை.