நான்கு தொடையெலும்புகள்

அனுப்புநர்:
அ. மோனிஷா, பத்தாம் வகுப்பு,
த/பெ. அர்த்தநாரி,
ஓடைக்காடு, மல்லசமுத்திரம் அஞ்சல்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
திருச்செங்கோடு.

பொருள்: எங்கள் விவசாயக் காட்டில் கிடைத்த இரு போர்வீரர்களின் எலும்புகளை ஒரே பானையில் புதைப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், என் தவறு உட்பட, உண்மையாகவே எழுதுகிறேன்.

1. இன்று காலை குடிநீர்க் குழாய்க்காக ஜேசிபி பள்ளம் தோண்டியபோது, நாலடி ஆழத்தில் ஓர் எலும்புக்கூடு ஒருக்களித்துக் கிடந்தது. விலா எலும்புகளுக்குள் ஓர் ஈயக் குண்டு. மார்பருகே ஐந்து பித்தளைப் பொத்தான்கள்.

2. அடுத்துக் கண்டது இதுதான், ஐயா! அவர் தலைமாட்டில் மண்சுவரைக் குடைந்து ஒரு மாடம். அதில் இன்னொருவரின் எலும்புகளை அழகாக அடுக்கி, துருப்பிடித்த ஈட்டிமுனையை மேலே வைத்து, பலகைக் கல்லால் மூடியிருந்தது. துப்பாக்கிப் போரில் பதுங்குகுழி வெட்டியவர், அதற்கும் முந்தைய போரில் மாண்டவரைக் கண்டிருக்கிறார். தூக்கி எறியாமல் தனி இடம் கொடுத்திருக்கிறார். பிறகு அவரும் அங்கேயே விழுந்திருக்கிறார். இது என் ஊகம். எலும்பும் கல்லும் கண்ணால் கண்டவை.

3. பக்கத்துக் காட்டு முத்தாயம்மாள், "ஆரா இருந்தா என்ன சாமி, நம்ம காட்டுல படுத்திருக்காரு, குளிப்பாட்டாம உடலாமா?" என்று மஞ்சள் நீர் ஊற்றினார். குடத்தில் கொண்டுவந்து கொடுத்தது நான். மாடம் கரைந்து சரிந்தது, இருவரும் கலந்துவிட்டார்கள். அள்ளி ஒரே மஞ்சள் துணியில் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே வேடியப்பன்தான் (நடுகல்லாக நாங்கள் கும்பிடும் வீரசாமி), நாளை மாலை ஒரே பானையில் புதைத்துக் கல் நடுவோம் என்று ஊரில் முடிவாகியிருக்கிறது. பள்ளத்தை இன்றே விளக்குப் போட்டு மூடப்போகிறார்கள்.

4. நான் துணியை அவிழ்த்து எண்ணினேன். தொடையெலும்பு நான்கு! ஜேசிபி ஓட்டுநர் தமிழரசு அண்ணன், "ஏம் பாப்பா, எண்ணிச் சொன்னா மார்க் போடுவாங்களா?" என்று சிரித்தார். நான்கையும் வரிசையாக வைத்தேன். இரண்டு வெளிர்நிறம், இரண்டு செம்மண் ஊறியவை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஆகவே இருவரையும் இன்னும் பிரிக்க முடியும். ஒரு வீரர் மற்றவருக்குத் தந்த இடத்தை நான் ஒரு குடம் நீரால் கலைத்துவிட்டேன். தாங்கள் தொல்லியல் அலுவலருடன் நாளைக் காலையே வந்து, அந்தத் தனி இடத்தை அவருக்குத் திருப்பித் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். பள்ளத்தின் அளவுகளை இணைத்துள்ளேன். இக்கடிதத்தை அப்பா இன்றிரவே நேரில் கொண்டுவந்து தருவார்.

இடம்: ஓடைக்காடு
நாள்: 14.02.2025, மாலை 6.50

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
அ. மோனிஷா

பி.கு.: உறையை ஒட்டும் முன் எட்டிப் பார்த்தேன். நாளை மதியம் வரை பொறுப்பதாகத் தமிழரசு அண்ணன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பள்ளம் மூடப்படவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.