கூட்டித் தள்ளிய மணல்

தங்கச்சிமடம்

அன்பு மகள் பிரெசில்லாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் நானும் உன் அய்யாவும் சுகம், தோஹாவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் நம்ம ஊர்ப் பையன் சகாயவினோத் கையில் கொடுத்துவிடும் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன்.

நான் சூப்பர்வைசர் ஆனதைக் கேட்டு எத்தனை சந்தோஷப்பட்டாய். அது வந்த வழியைச் சொல்லவில்லை. லாட்ஜில் என்னோடு ரூம் கூட்ட அபிராமத்துப் பெண் கலைச்செல்வி சேர்ந்தாள் அல்லவா, படித்தவள், சுறுசுறுப்பானவள். எங்களில் ஒருத்தியைச் சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக மேனேஜர் சொன்னதிலிருந்து, பதினாறு வருஷம் பாத்ரூம் கழுவியவளை நேற்று வந்தவள் தாண்டிவிடுவாளோ என்று எதையும் அவளுக்குச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டேன். காசிக்குப் போகிற வடநாட்டுக்காரர்கள் இங்கே கடற்கரையில் மணலில் லிங்கம் பிடித்துக் கும்பிட்டு, அந்த மணலைக் கங்கையில் கரைக்க எடுத்துப்போவார்கள், ஈரம் காய ரூம் மூலையில் பேப்பரில் பரப்பி வைப்பார்கள், அதை மட்டும் தொடக்கூடாது. ஒருநாள் காலை ஒரு ரூமுக்கு டவல் கொடுக்கப் போனபோது மூலையில் அந்த மணலை நானே பார்த்தேன், பார்த்தும் அவளிடம் சொல்லவில்லை. கடற்கரை லாட்ஜில் மணலைக் கண்டால் கூட்டத்தானே தோன்றும், அவளும் கூட்டிக் குப்பையில் போட்டாள். மதியம் காசி ரயிலுக்குப் போக வேண்டிய, அந்த ரூமில் தங்கியிருந்த வயதான அம்மா தரையில் உட்கார்ந்து அழுதது இன்னும் காதில் கேட்கிறது. மேனேஜர் கத்தியபோது "எனக்கு யாரும் சொல்லலையே சார்" என்று அவள் என்னைப் பார்த்தாள், நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள்.

என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பையை மாட்டிக்கொண்டே வந்து, "அக்கா, செல்லுல ரூம் லிஸ்ட் ஏத்துறது உங்களுக்கு இன்னும் பிடிபடலைல்ல, நான் போயிட்டா யாரு சொல்லித் தருவா" என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இன்றைக்கும் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன்.

உன் ஹோட்டலில் சீனியர் அக்கா எதையும் காட்டித்தரவில்லை என்று நீ அழுதபோது, நீயும் கற்றதை யாருக்கும் சொல்லாதே என்று புத்தி சொன்னவள் நான். அதை மறந்துவிடு மகளே, புதிதாக வந்த பெண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடு. திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அய்யாவிடம் சொன்னேன், "வேல போனாப் போகுது, நண்டு வலை இருக்கு, போய்ச் சொல்லிரு" என்றார். கலைச்செல்வியைத் திரும்ப எடுப்பார்களோ என்னவோ.

கருவாட்டை ஒருதரம் வெயிலில் காட்டி எடுத்து வை. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அங்கே யாரிடமும் அம்மா சூப்பர்வைசர் என்று இனிமேல் பெருமையாகச் சொல்லாதே.

உன் அம்மா,
யாகப்பம்மாள்