பேனா இல்லாமல் படி

பூடோ,
2 மார்ச் 1997

அன்புள்ள ஹால்வர்,

நலமா? உன் மீன் பண்ணைப் பக்கம் மழை ஓய்ந்ததா? நார்வே இன்னும் பனிக்குள்தான் கிடக்கிறது. நீ இருக்கும் அயர்லாந்திலேயே எனக்கும் நர்ஸ் வேலை தரத் தயார் என்கிறார்கள். ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான். போன தடவை கட்டுரையில் கவிழ்ந்தேன். நீ சொன்னபடி ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு, 'என்னை மாற்றிய ஒரு நாள்'. திருத்தி அனுப்பு. கூடவே உன்னைப் பற்றி இரண்டு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

உன் இங்குன்

*

கோல்வே,
11 மார்ச்

அன்பு இங்குன்,

கட்டுரை கிடைத்தது. முன்னுரை நீளம். என்ன சொல்லப் போகிறாய் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இரண்டாம் பத்தியில் ஆஸ்பத்திரி, குழந்தை, பனிப்புயல் மூன்றும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பத்திக்கு ஒரு கருத்து போதும். முடிவுரையே இல்லை. சிவப்பில் குறித்திருக்கிறேன். மனம் தளராதே. இங்கே வேலை அதிகம்.

ஹால்வர்

*

பூடோ,
20 மார்ச்

ஹால்வர்,

திருத்தமெல்லாம் சரி. முடிவுரை இல்லை என்கிறாய். எனக்கும் அது கிடைக்கவில்லை. அந்தக் குழந்தை நம் சுன்னிவா என்று உனக்குத் தெரியாதா? ஒரு பகல்கூட முழுதாக இருக்கவில்லை அவள். அடக்கம் முடிந்த கையோடு நீ கப்பலேறிவிட்டாய். அதன்பிறகு அவள் பேரை நாம் இருவருமே எடுத்ததில்லை. நம் மொழியில் சொல்ல வாய் வரவில்லை, ஆங்கிலத்தில் எழுதினேன். நீ காற்புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறாய்.

திருத்தாத நகல் இதோ. பேனா இல்லாமல் படி.

இங்குன்

*

கோல்வே,
3 ஏப்ரல்

என் இங்குன்,

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். வீட்டுக்காரம்மா நோரீன், "சூப்பு ஆறுது பாரு. அப்படி என்ன படிக்கிறே?" என்றாள்.

"என் பெண்டாட்டி எழுதினது. பரீட்சைக்கு. போன மாசம் சிவப்பு மையால திருத்தினேனே, அதுதான்."

"சத்தமாப் படி, நானும் கேக்கறேன்."

குழந்தை உன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். நோரீன் தாளை வாங்கி மீதியைப் படித்தாள். பிறகு, "இதுக்கா சிவப்பு மை போட்டே?" என்றாள்.

சுன்னிவா. எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது.

பண்ணையில் விடுப்பு கேட்டுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி வரட்டுமா?

ஹால்வர்

*

பூடோ,
10 ஏப்ரல்

அன்புள்ள ஹால்வர்,

நேற்று தேர்வு முடிந்தது. நகருக்குள் கார் ஓடலாமா என்று தலைப்பு. கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே அடித்துச் சொல்லிவிட்டு, நீ சொன்னது போலப் பத்திக்கு ஒரு காரணமாக எழுதினேன். தேறிவிடுவேன். தேறினால் அங்கேயா இங்கேயா என்பதை நேரில் பேசுவோம்.

வா. கல்லறைத் தோட்டத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது. இதுவரை தனியாகத்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

உன் இங்குன்